கிடங்கின் ஈரமும் சங்கத்தின் கணக்கும்

ஒரு கூட்டுறவு ஆய்வாளர் எழுதுவது

கணக்குச் செம்மையாக உள்ள சங்கமே நிலைத்து நிற்கும் என்பதை நம் அங்கத்தினர்கள் அனைவரும் அறிவர். ரொக்கம், சரக்கிருப்பு, கடன், வட்டி ஆகியவற்றுக்குக் கணக்கு வைப்பதில் நம் சங்கங்கள் நெடுநாளாகப் பழகியுள்ளன. ஆனால், அண்மை ஆண்டுகளில் நம் கிடங்குகளிலும் தறிக்கூடங்களிலும் புதியதொரு கணக்கு எழுதப்பட்டு வருகின்றது. அதை எழுதுபவர் குமாஸ்தா அல்லர்; சுவரில் மாட்டப்பட்ட, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு மின்கருவி. 10 நிமிடத்துக்கு ஒருமுறை அஃது உஷ்ணத்தையும் காற்றின் ஈரத்தையும் அளந்து, இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு அனுப்புகின்றது. காரியதரிசி தம் கைப்பேசியிலேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம். இத்தகைய ஏற்பாட்டைப் ‘பொருள்களின் இணையம்’ என்று அழைக்கின்றனர்.

இக்கருவிகள் வேண்டாமென்று சொல்வதற்காக நான் இக்கட்டுரையை எழுதவில்லை. இவை வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும், ரொக்கப் புத்தகத்துக்கு நாம் விதித்துள்ள ஒழுங்கை இக்கருவிகள் எழுதும் கணக்குக்கும் விதிக்காவிடில் என்ன நேரும் என்பதை நான் நேரிற் கண்டேன். அதில் என் பிழையும் கலந்திருந்தது. ஆகவே, அதை மறைக்காமல் முதலிற் கூறிவிடுகிறேன்.

58 என்ற எண்

உழவர் சங்கம் ஒன்று, மார்கழிப் பட்டத்தில் தன் அங்கத்தினர்களுக்கு வழங்குவதற்காக நிலக்கடலை விதைக்காயைக் கிடங்கில் சேமித்து வைத்திருந்தது. புரட்டாசிக் கடைசியில் பறித்து, நன்கு உலர்த்தி, மூட்டை கட்டிய காய் அது. நிலக்கடலை விதையின் ஈரம் நூற்றுக்கு 9 பங்குக்கு மிகலாகாது. முளைப்புத் திறன் நூற்றுக்கு 70க்குக் குறையலாகாது என்பது விதைச் சான்றளிப்பில் கொள்ளப்படும் அளவு. மூட்டைகள் உள்ளே வந்த நாளில் அவ்விரண்டும் சரியாகவே இருந்தன.

ஐப்பசிக் கடைசியில் அடைமழை தொடங்கியது. கார்த்திகை நடுவில் நான் ஆய்வுக்குச் சென்றேன். காரியதரிசி தம் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். ‘கிடங்கு ஈரப்பதம் 58’ என்று அதில் தெரிந்தது. வெளியே மழை கொட்டுகையில் உள்ளே 58 என்றால் கிடங்கு மிக நன்றாக உள்ளது என்று எண்ணிக்கொண்டேன். ஒரு மூட்டையையும் தொட்டுப் பாராமல், ‘கிடங்கின் நிலை திருப்தி’ என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மார்கழி முதல் வாரத்தில் விதை வாங்கிச் சென்ற அங்கத்தினர்கள் 11 பேருடைய நிலங்களில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. முறையீடு வந்தது. எஞ்சியிருந்த மூட்டைகளிலிருந்து 100 விதைகளை எடுத்து ஈரச் சாக்கில் பரப்பி வைத்துப் பார்த்தோம். முளைத்தவை 41. மேற்குச் சுவரின் மேல் ஓடு விலகி, மழைநீர் சுவர் வழியே இறங்கிக் கிடங்கு முழுவதும் புழுங்கிக் கிடந்தது.

பிறகே கருவியை ஆராய்ந்தோம். ஐப்பசிக் கடைசியில் விழுந்த இடியில் கிடங்கின் வைஃபை ரவுட்டர் பழுதாயிற்று. வேறொன்றை மாற்றிய ஊழியர் அதற்குப் புதிய கடவுச்சொல்லை இட்டார். கருவியிலோ பழைய கடவுச்சொல்லே எழுதப்பட்டிருந்தது. அன்றிலிருந்து 47 நாள் அஃது ஓர் அளவையேனும் அனுப்பவில்லை. நானும் காரியதரிசியும் கண்ட 58 என்பது, அடைமழைக்கு முந்திய நாள் அது கடைசியாக அனுப்பிய எண்.

இதில் எவரும் பொய் கூறவில்லை. எவரும் எதையும் திருடவில்லை. இருந்தும் 11 குடும்பங்களின் உழவுக்கூலி வீணாயிற்று. சங்கம் தன் செலவில் மறுவிதை வாங்கிக் கொடுத்தது. ஆனால், தப்பிப்போன பட்டத்தை எந்தச் சங்கமும் வாங்கிக் கொடுக்க இயலாது. அந்த ஆய்வுக் குறிப்பு இன்றும் அச்சங்கத்தின் கோப்பில் என் கையெழுத்துடன் இருக்கின்றது.

இறந்துபோன எண் ஒன்று எவ்வாறு உயிருள்ளதுபோல் 47 நாள் காட்சியளித்தது? இதை அறிந்துகொள்ள, கருவியின் வேலையைச் சற்று உள்ளே சென்று பார்த்தல் வேண்டும். அது கடினமானதன்று, பேரேடு புரிந்தவர்களுக்கு இதுவும் புரியும்.

கருவியும் அதன் மொழியும்

இத்தகைய கருவியில் முக்கியமான உறுப்புகள் இரண்டு. ஒன்று, உஷ்ணத்தையும் ஈரத்தையும் அளக்கும் உணரி. டி.எச்.டி. 22 என்பது பரவலாக வழங்கும் ஒரு வகை. 2 நொடிக்கு ஒருமுறைக்கு மேல் அதனிடம் அளவு கேட்டல் கூடாது. மற்றொன்று, அந்த அளவை வாங்கி வெளியே அனுப்பும் சிறு மின்பலகை. சீன நாட்டின் ஷாங்காய் நகரிலுள்ள எஸ்பிரெஸிஃப் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈ.எஸ்.பி. 32 என்னும் சில்லு இவ்வேலைக்கு இப்பொழுது மிகுதியாகப் பயன்படுகின்றது. இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாயில் கிடைக்கும்.

இம்மின்பலகைக்குக் கட்டளையிடும் மொழி பைத்தான். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராஸம் 1989ஆம் ஆண்டின் இறுதியில் எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்ட கணிப்பொறி மொழி அது. பெரிய கணிப்பொறிக்கென ஆக்கப்பட்ட அம்மொழியைச் சிறு சில்லுகளிலும் ஓடுமாறு சுருக்கி, மைக்ரோபைத்தான் என்ற பெயரில் அமைத்தவர் டேமியன் ஜார்ஜ் என்னும் ஆஸ்திரேலியர். 2013இல் பொதுமக்கள் பலரிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டிய நிதியைக்கொண்டு அவர் இதைச் செய்தார். பலர் சிறு பங்கு தந்து பொதுப்பயன் ஒன்றை உண்டாக்குவது கூட்டுறவாளர்களாகிய நமக்குப் புதிய செய்தியன்று.

இனி, மின்பலகையிலுள்ள நிரல் செய்யும் வேலையை ஒரு குமாஸ்தாவின் அன்றாட வேலையைப்போல் வரிசைப்படுத்திக் கூறுவேன்:

1. ரவுட்டருடன் இணைதல்.
2. இணையத்தில் நேரம் கேட்டுத் தன் கடிகாரத்தைச் சரிசெய்தல்.
3. உணரியிடமிருந்து அளவைப் பெறுதல்.
4. சங்கத்தின் எண், கருவியின் எண், பதிவின் வரிசை எண், நேரம், உஷ்ணம், ஈரம் ஆகிய ஆறையும் ஒரு வரியாக எழுதுதல்.
5. அவ்வரியை அனுப்பி ஒப்புகை பெறுதல். ஒப்புகை வாராவிடில் தன் நினைவகத்திலேயே எழுதி வைத்தல்.
6. 10 நிமிடம் காத்திருந்து மீண்டும் தொடங்குதல்.

பைத்தான் மொழியில் இவையனைத்தும் 100 வரிக்குள் அடங்கிவிடும். பட்டப்படிப்பு முடித்த நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் சில வாரப் பயிற்சியில் இதைத் தாமே எழுத இயலும். ஆனால், நான் கண்ட கருவியில் இரண்டாவதும் இல்லை. நான்காவதில் நேரமும் வரிசை எண்ணும் இல்லை. ஐந்தாவதில் பாதி இல்லை. அளவை எடுத்து அனுப்பியதோடு அதன் கடமை முடிந்தது.

மேகம் எங்கே உள்ளது?

கருவி அனுப்பும் வரி ‘மேகத்துக்கு’ச் செல்கின்றது என்பர். பெயர் மேகமாயினும் அது வானத்தில் இல்லை. பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை வரிசையாக வைத்து, இரவும் பகலும் குளிரூட்டி, இடத்தை வாடகைக்கு விடுகின்றனர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அஸூர் தளத்துக்கு 2015ஆம் ஆண்டு முதலும், அமேசான் நிறுவனத்தின் தளத்துக்கு 2016ஆம் ஆண்டு முதலும் இந்திய நாட்டிலேயே இத்தகைய நிலையங்கள் உள்ளன. பிறர் கிடங்கில் நம் சரக்கை வாடகைக்கு வைப்பது போன்றதே இது. வாடகைக் கிடங்கில் சரக்கு வைப்பவர் ரசீதும் சாவியும் யாரிடம் உள்ளன என்று கேட்பார் அன்றோ? அக்கேள்வியை இங்கும் கேட்டல் வேண்டும்.

கருவிக்கும் மேகத்துக்கும் இடையே செய்தி செல்லும் முறைக்கு எம்.க்யூ.டி.டி. என்று பெயர். 1999ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பர் என்பவரும் அதை வகுத்தனர். எண்ணெய்க் குழாய்களின் அளவீடுகளைத் துணைக்கோள் வழியே, மிகக் குறைந்த செலவில் அனுப்புவதற்காக அஃது ஏற்பட்டது. ஒரு செய்தியின் மேலுறை 2 பைட்டு அளவுக்கும் சுருங்கக் கூடியது. 2014இல் அஃது உலகப் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. எவரும் கட்டணமின்றி இம்முறையைக் கையாளலாம்.

இம்முறையில் அனுப்புவோரும் பெறுவோரும் நேரே பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு தரகர் இருக்கின்றார். தரகர் என்ற சொல் நம் காதுக்கு இனியதன்று. எனினும் இவர் மனிதர் அல்லர், மேகத்தில் ஓடும் ஒரு நிரல். கருவி, ‘முதற்கிடங்கு – ஈரம்’ என்பது போன்ற ஒரு தலைப்பின்கீழ்த் தன் வரியைத் தரகரிடம் தருகின்றது. அத்தலைப்பு வேண்டுமென்று முன்னரே எழுதி வைத்தோருக்கெல்லாம் தரகர் அதை உடனே வழங்குகின்றார். சங்க அலுவலகக் கணிப்பொறியில் பாஹோ என்னும் பைத்தான் நூலகத்தைக்கொண்டு எழுதிய நிரல் ஒன்று, அவ்வாறு எழுதி வைத்துக் காத்திருந்து, வரும் வரிகளைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் 58இன் கதை தெளிவாகின்றது. கருவி ஒரு வரியை அனுப்புகையில், ‘இதைத் தேக்கி வைத்திரு’ என்று தரகரிடம் கூறலாம். அவ்வாறு கூறினால், பின்னர் யார் எப்பொழுது வந்து கேட்டாலும் தரகர் அக்கடைசி வரியை எடுத்துக் கொடுப்பார். புதிதாகத் திறந்த திரையில் உடனே ஓர் எண் தெரியவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வசதி அது. நல்ல வசதியே. ஆனால், வரியில் நேரம் எழுதப்படாதபோது, அஃது இன்றைய அளவா, சென்ற மாதத்து அளவா என்பதைத் தரகரும் அறியார், பார்ப்பவரும் அறியார். தேதியில்லாத ரசீதை எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார். தேதியில்லாத எண்ணை நான் ஏற்றேன்.

தேதியும் வரிசை எண்ணும் ஒப்புகையும்

ஆகவே முதல் ஒழுங்கு, ஒவ்வொரு வரியிலும் தேதியும் நேரமும் இருத்தல் வேண்டும் என்பது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஈ.எஸ்.பி. 32 சில்லில் ஓடும் மைக்ரோபைத்தானின் கடிகாரம், மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். இணையத்தில் நேரம் கேட்டு அதைத் திருத்துதல் வேண்டும். அவ்வாறு வரும் நேரமும் உலகப் பொதுநேரமே. நம் நாட்டு நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டுதல் வேண்டும். மேலும், மேகத்திலுள்ள கணிப்பொறிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணுகின்றன. இச்சில்லின் மைக்ரோபைத்தானோ 2000 ஜனவரி 1 முதல் எண்ணுகின்றது. வேறுபாடு 94,66,84,800 நொடி. இதைக் கூட்ட மறந்தால் இன்றைய பதிவு 30 ஆண்டுக்கு முந்தியதாகத் தோன்றும். காலவரம்புள்ள அனுமதிச் சீட்டுக் கேட்கும் தளங்களில், சீட்டுக் காலாவதியாயிற்று என்று கருவி வாசலிலேயே நிறுத்தப்படும்.

இரண்டாவது ஒழுங்கு, ஒப்புகை. எம்.க்யூ.டி.டி. முறையில் செய்தியை மூன்று தரத்தில் அனுப்பலாம். 0 என்ற தரத்தில் அனுப்பினால் ஒப்புகை இல்லை. சேர்ந்தால் சேர்ந்தது, போனால் போனது. 1 என்ற தரத்தில், ஒப்புகை வாராதபோது அதே செய்தி மீண்டும் அனுப்பப்படும். ஆகவே ஒரு முறையேனும் சேர்தல் உறுதி, இரு முறை சேர்ந்துவிடவும் கூடும். 2 என்ற தரத்தில் சரியாக ஒரே முறை சேரும். ஆனால் அமேசான், அஸூர் ஆகிய தளங்கள் இத்தரத்தை ஏற்பதில்லை. நமக்கு 1 போதும். இருமுறை வரும் வரியைக் கண்டுபிடிக்க வரிசை எண் உதவும். ஒரே வவுச்சர் எண் இருமுறை வந்தால் கணக்கர் ஒன்றைத் தள்ளிவிடுவதைப்போல, அலுவலக நிரலும் ஒன்றைத் தள்ளிவிடும். வரிசை எண் இடையில் விட்டுப்போனால் அதுவும் தெரிந்துவிடும்.

மூன்றாவது ஒழுங்கு, இணைப்பு அறுந்த காலத்துக் கணக்கைக் கருவியே காத்து வைத்தல். இணைப்பு இல்லாதபோது அனுப்ப முயன்றால் மைக்ரோபைத்தான் ஒரு பிழையை எழுப்பும். அப்பிழையை எதிர்பார்த்து, ‘டிரை’, ‘எக்ஸெப்ட்’ என்னும் இரு சொற்களைக்கொண்டு நிரலை அமைக்காவிடில், நிரல் அங்கேயே நின்றுவிடும். பிறகு இணைப்பு வந்தாலும் அது தானே எழாது. எதிர்பார்த்து அமைத்தாலோ, அனுப்ப இயலாத வரிகளை நினைவகத்தில் எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் வரிசையாக அனுப்பலாம். 10 நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு நாளில் 144 வரிகள். வரி ஒன்று 60 பைட்டு எனக் கொண்டால் நாளொன்றுக்கு 8,640 பைட்டு. இப்பலகைகளில் பொதுவாக உள்ள 40 லட்சம் பைட்டு நினைவகத்தில் 10 லட்சத்தை மட்டும் இதற்கென ஒதுக்கினாலும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கணக்கு அடங்கும். நான் குறிப்பிட்ட கிடங்கில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால், 47 நாளின் 6,768 அளவுகளும் கருவிக்குள்ளேயே இருந்திருக்கும்; ஈரம் என்று ஏறிற்று என்பதையேனும் அறிந்திருப்போம்.

மௌனமும் ஒரு செய்தியே

ஆனால், பின்னர் அறிவது விதையைக் காக்காது. கருவி பேசாமல் இருக்கின்றது என்பதை அன்றே அறிதல் வேண்டும். இதுவே நான் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்பும் செய்தி.

எம்.க்யூ.டி.டி. முறையில் இதற்கு அழகான ஏற்பாடு ஒன்று உள்ளது. கருவி தரகருடன் இணையும்போதே, உயில் போன்ற ஒரு செய்தியை அவரிடம் ஒப்படைத்து வைக்கலாம்: ‘நான் சொல்லாமல் மறைந்துவிட்டால், இன்ன தலைப்பில் இன்னதை அறிவியுங்கள்’ என்பது அது. எத்தனை நொடிக்கு ஒருமுறையேனும் தன் இருப்பைத் தெரிவிப்பது என்பதையும் கருவி கூறிவிடுகின்றது. அக்காலத்தின் ஒன்றரை மடங்கு கழிந்தும் ஓசை இல்லையேல் தரகர் உயிலை வெளியிடுவார். 60 நொடி என்று கூறியிருந்தால் 90 நொடியில் அறிவிப்பு வரும்.

இஃதொன்றையே நம்பியிருத்தலும் போதாது. அலுவலக நிரலில் எளிய விதி ஒன்றை எழுதி வைத்தல் வேண்டும்: கடைசி வரியின் நேரத்திலிருந்து 30 நிமிடம் கடந்துவிட்டால் எண்ணைத் திரையிலிருந்து நீக்கிவிட்டு, ‘செய்தி இல்லை’ என்று சிவப்பு எழுத்தில் காட்டுதல், காரியதரிசிக்கும் தலைவருக்கும் குறுஞ்செய்தி அனுப்புதல். 12 மணி நேரம் ஒரே எண் இம்மியும் மாறாமல் வந்தாலும் ஐயுறுதல். இவ்விதிகள் பைத்தானில் பத்து வரிக்கு மிகா. பத்து வரி இல்லாமையால் 11 குடும்பங்கள் ஒரு பட்டத்தை இழந்தன.

நெசவாளர்க்கு இதனால் என்ன?

விதைக்கிடங்கின் கதை உழவர்க்குரியது என்று நெசவாள அங்கத்தினர்கள் கருதிவிடலாகாது. பாவு இழை உலர்ந்தால் அறுபடும் என்பதையும், குழித்தறியின் குளிர்ச்சி நூலுக்கு நல்லது என்பதையும் அவர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. எடையைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

பருத்தி நூல் காற்றின் ஈரத்தை வாங்கும். உலர்ந்த காற்றில் விட்டுவிடும். முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்தி நூலை வணிக வழக்கில் 108.5 கிலோ என்று கணக்கிடுவர், 8.5 கிலோ ஈரம் இயல்பானதென்று பொருள். காற்றின் ஈரப்பதம் 80ஆக இருக்கையில் நிறுத்த நூல், 45ஆகக் குறைந்த நாளில் கிலோவுக்கு ஏறத்தாழ 40 கிராம் குறைந்து நிற்கும். மழைநாளில் சங்கத்தில் நூல் நிறுத்து வாங்கிய நெசவாளி, வெயில் நாளில் துணியை நிறுத்துத் தரும்போது, கஞ்சிக்கும் கழிவுக்கும் உரியதைத் தள்ளிய பிறகும் எடை குறைவாகத் தோன்றலாம். அக்குறைவைக் கூலியில் பிடித்தால், நெசவாளி எடுக்காத நூலுக்கு விலை கொடுத்தவராவார்.

நூல் கிடங்கில் ஈரப்பதத்தைத் தேதியுடனும் நேரத்துடனும் குறித்து வைக்கும் கருவி ஒன்று இருக்குமாயின், கொடுத்த நாளின் ஈரத்தையும் வாங்கிய நாளின் ஈரத்தையும் ஒப்பிட்டு நியாயம் காணலாம். அப்பொழுது அக்கருவி நெசவாளியின் சாட்சியாகும். ஆனால், தேதியில்லாத பதிவு சாட்சியாகாது. உணரியின் அளவிலும் நூற்றுக்கு 2 முதல் 5 வரை பிழை இருக்கக்கூடும். ஆண்டுக்கொருமுறை நல்லதோர் அளவுமானியுடன் ஒப்பிட்டுப் பார்த்து, அதையும் பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

திறவுகோல் யாரிடம்?

முன் கூறிய உழவர் சங்கத்தில் மற்றொரு குறையும் வெளிப்பட்டது. மேகத்தில் இடம் பிடித்த கணக்கு, சங்கத்தின் பெயரில் இல்லை. கருவியை விற்றவர் தம் சொந்த மின்னஞ்சலில் அதைத் தொடங்கியிருந்தார். கணக்கு எங்களுடையது, திறவுகோல் அவருடையது. பழைய அளவுகளை நாங்கள் பெறுவதற்குப் பல வாரங்கள் ஆயின.

பாதுகாப்பு விஷயத்தில் அசட்டை கூடாது என்பதற்கு 2016ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று போதும். மிராய் என்னும் தீய நிரல், ஆலையிலிருந்து வந்தபோது இடப்பட்ட கடவுச்சொற்களை மாற்றாமல் விட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட கடவுச்சொற்களை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தே எண்ணற்ற கருவிகளை அது கைப்பற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி, அக்கருவிகளைக்கொண்டு தொடுத்த தாக்குதலால் அமெரிக்க நாட்டில் பெயர்பெற்ற பல இணையதளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. சிறு கருவிதானே என்று கதவைத் திறந்து வைத்தல் ஆகாது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். ஒன்று களவுபோனால் அதை மட்டும் நீக்கிவிடலாம். செய்தியும் மறையாக்கத்துடன், 8883 என்னும் வாயில் வழியாகவே செல்லுதல் நலம். 1883 என்னும் வாயில் வழியே செல்லும் செய்தி வழக்கமாகத் திறந்த அஞ்சலட்டை போன்றது.

இடம் வாடகைக்கு விட்டவரே கடையை மூடிவிட்டால் என்ன செய்வது என்றும் முன்னதாக எண்ணுதல் வேண்டும். இது வெறும் கற்பனையன்று. கூகுள் நிறுவனம் தன் ஐ.ஓ.டி. கோர் சேவையை ஓராண்டு முன்னறிவிப்புடன் 2023 ஆகஸ்டு 16ஆம் தேதி மூடிவிட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஐ.ஓ.டி. தளமும் அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதியோடு நின்றது. பொதுத்தரமான எம்.க்யூ.டி.டி.யில் நிரல் எழுதியிருந்தோர், முகவரியையும் சான்றிதழையும் மாற்றி, இன்னும் சில திருத்தங்களைச் செய்து வேறிடம் சென்றனர். ஒரு தளத்துக்கே உரிய முறையில் எழுதியிருந்தோர்க்கு வேலை மிகுதியாயிற்று. நிரல் நூலகங்களும் மாறுவன. 2024இல் பாஹோவின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, பழைய நிரல்கள் பல திருத்தமின்றி ஓடவில்லை. எந்தப் பதிப்பில் நம் நிரல் ஓடுகின்றது என்பதைப் பதிவேட்டில் குறித்து வைத்திருப்போர்க்கு இடர் இல்லை.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றைத் தொகுத்து, நிர்வாகக் குழுவினர் தம் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக ஏற்கத்தக்க சில ஒழுங்குகளைக் கூறுகிறேன்:

1. மேகக் கணக்குச் சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் இரும்புப் பெட்டியில் வைக்கப்படுதல் வேண்டும். பொறுப்பு மாறும்போது, ரொக்கத்தை ஒப்படைப்பதுபோல் இதையும் எழுத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.

2. ஒவ்வொரு பதிவிலும் தேதி, நேரம், கருவி எண், வரிசை எண் ஆகியவை இருத்தல் வேண்டும்.

3. கருவி மௌனமானால் 30 நிமிடத்துக்குள் இருவருக்கேனும் தெரிதல் வேண்டும். மாதம் ஒருமுறை கருவியின் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்து, அறிவிப்பு வருகின்றதா என்று சோதித்தல் வேண்டும்.

4. அன்றைய பதிவுகளின் நகல் ஒன்று, இரவுதோறும் சங்கத்தின் சொந்தக் கணிப்பொறியில் எழுதப்படுதல் வேண்டும்.

5. ரவுட்டரையோ கடவுச்சொல்லையோ மாற்றுவோர், கருவிப் பதிவேட்டில் கையெழுத்திடாமல் மாற்றலாகாது.

6. நிரலின் மூலப்படி சங்கத்தினிடம் இருத்தல் வேண்டும். விற்றவரிடம் மட்டும் உள்ள நிரல் சங்கத்தின் உடைமையாகாது.

ஒரு சங்கம் தனித்து இவற்றையெல்லாம் செய்வது கடினமெனத் தோன்றலாம். வட்டத்திலுள்ள ஐந்தாறு சங்கங்கள் சேர்ந்து, பயிற்சிபெற்ற இளைஞர் ஒருவரை ஊதியத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். கட்டணமின்றிக் கிடைக்கும் மொஸ்கிட்டோ என்னும் தரகு நிரலைச் சிறிய கணிப்பொறி ஒன்றில் நிறுவி, சங்கங்கள் தமக்கெனப் பொதுத் தரகரையே வைத்துக்கொள்ளவும் இயலும். நூலையும் உரத்தையும் கூடி வாங்கக் கற்ற நாம், இதையும் கூடிச் செய்யக் கற்றல் அரிதன்று.

இறுதியாக ஒன்று. இப்பொழுது நான் ஆய்வுக்குச் செல்லும்போது, திரையில் உள்ள எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதன் நேரத்தைப் பார்க்கிறேன். பிறகு மேற்குச் சுவரோரம் உள்ள மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கிறேன். கருவி நம் கண்ணுக்குத் துணையே அன்றிக் கண்ணுக்கு மாற்று அன்று. அங்கத்தினர்கள் தங்கள் சங்கக் கிடங்குக்குச் செல்லும்போது, ‘கடைசி அளவு எப்பொழுது வந்தது?’ என்று காரியதரிசியை ஒருமுறை கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன். அவ்வாறு கேட்பது அவரை ஐயுறுவது ஆகாது; சங்கம் தம்முடையது என்பதை மறவாதவர் கேட்கும் கேள்வி அது.